பெயர் எழுதாத வெள்ளைக் குளிசை

ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார்கள். இங்கே வருவதற்கு முன் பிள்ளைக்கு வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா? வெளிநோயாளர் பிரிவில் ஒருவர் கேட்டார். வார்டில் அனுமதிக்கும்போது தாதி கேட்டார். இரத்தம் எடுக்க வந்த இளம் டொக்டர் கேட்டார். கடைசியாக எல்லோரும் 'டொக்டர் மிஸ்' என்று கூப்பிடுகிற பெண் டொக்டர் கேட்டார். நான்கு தடவையும் என் தங்கை மாலதி, "காய்ச்சலுக்குப் பனடோல் மட்டுந்தாங்க" என்றாள். நான்கு தடவையும் நான் பக்கத்திலேயே இருந்து தலையாட்டினேன்.

அது பொய். அந்தப் பொய்யால் வந்ததை இன்னொரு குடும்பம் இழுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எழுதுகிற பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹட்டனில் தேநீர்க்கடை, நீர்கொழும்பில் மீன்வாடி, புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் வேலை, இரண்டு வருடம் குவைத், அதன் பிறகு லொறி கிளீனர் என்று ஓரிடத்தில் நிலைத்து இருந்ததில்லை. கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டுக்கு ஒரு கிழமை தங்கிப் போகத்தான் வந்தேன். அவள் புருஷன் ரவி கட்டாரில் வேலை செய்கிறான். அவர்களுக்கு ஒரே மகள், லக்ஷி. ஆறு வயது.

புத்தாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே, "கால் நோகுது மாமா" என்று ஒரு முனகல். காய்ச்சல் போகும், இரண்டு நாளில் திரும்பி வரும். கால்வலி மட்டும் போகவே இல்லை.

எங்களைப் போன்றவர்கள் கொழும்பில் வைத்தியம் பார்க்கிற முறையைச் சொல்லவேண்டும். பின்னேரம் டிஸ்பென்சரிக்குப் போய் இலக்கம் எடுப்போம். டொக்டர் இரண்டு நிமிடம் பார்ப்பார். பக்கத்து ஜன்னலில் ஒருவர் குளிசைகளை எண்ணிச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டுத் தருவார். உறையின் மேல் இரண்டு கோடு இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று கோடு இருந்தால் மூன்று. மருந்தின் பெயர் இருக்காது. டொக்டரின் பெயரும் இருக்காது. மூன்று நாளில் சுகமானால் அவர் நல்ல கைராசிக்காரர். சுகமாகாவிட்டால் அடுத்த டிஸ்பென்சரி. அங்கே போகும்போது முந்திய உறைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போவோம். வேறொருவரிடம் காட்டிவிட்டு வந்தோம் என்று தெரிந்தால் இந்த டொக்டர் கோபித்துக்கொள்வார், கோபித்தால் நல்ல மருந்து தரமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. யார் சொல்லித் தந்தது என்று தெரியாது. புறக்கோட்டையில் புது முதலாளியிடம் வேலை கேட்கும்போது பழைய முதலாளியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டொக்டரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

முதல் டிஸ்பென்சரியில் வைரஸ் காய்ச்சல் என்றார்கள். இரண்டாவதில் டொன்சில் என்றார்கள். எந்த டொக்டர் வந்தாலும் முதலிலிருந்துதான் தொடங்கினார், ஏனென்றால் நாங்கள் அப்படித்தான் தொடங்கவைத்தோம். பிள்ளை பிறந்ததும் தருகிற அட்டையில் ஒவ்வொரு தடுப்பூசியும் திகதியோடு எழுதியிருக்கிறது. அந்த ஊசிகளெல்லாம் முடிந்த பிறகு பிள்ளைக்கு ஒரு நோயும் வராது என்பது போல மிச்சப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒரு குறுக்குத் தெருவுக்குள் மூன்று டொக்டர்கள் இருக்கிறார்கள். மூவரும் ஒரே பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் மற்றவர் பார்த்தது தெரியாது.

மூன்றாவது டிஸ்பென்சரிக்கு லக்ஷியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். "வாதக் காய்ச்சலின் தொடக்கமா இருக்கலாம்" என்று சொல்லி டொக்டர் சின்ன வெள்ளைக் குளிசைகள் தந்தார். மூன்றாம் நாள் காலையில் லக்ஷி கட்டிலிலிருந்து தானாக இறங்கி வந்து, "பாண் இருக்கா?" என்று கேட்டாள். அதுவரை இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாத பிள்ளை அன்றைக்குக் கால் இறாத்தல் பாணைச் சம்பலோடு தின்றாள். கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. நான் தெருவில் எல்லோரிடமும் அந்த டொக்டரின் கைராசியைச் சொல்லித் திரிந்தேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகளை நானே அங்கே அனுப்பியும் வைத்தேன்.

மூன்று கிழமை கழித்து வலி திரும்பி வந்தது. அதே டொக்டர், அதே வெள்ளைக் குளிசை, இந்தத் தடவை பத்து நாளைக்கு. நாலாம் நாளே சுகமாகிவிட்டாள். சுகமான பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று மாலதி நிறுத்திவிட்டாள். மிச்சக் குளிசைகளை நான் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். லொறியில் போகிறவனுக்கு உடம்பு வலி வரும், உதவும் என்று நினைத்தேன்.

மறுபடியும் வந்தது. இந்தத் தடவை மாலதி டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கான விசேட வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணினாள், அதாவது தனியார் இடத்தில் முன்கூட்டியே இலக்கம் எடுத்தாள். ஆறு நாள் கழித்துத்தான் இலக்கம் கிடைத்தது. அந்த ஆறு நாளும் பிள்ளை அழுதாள். மாலதி வேலைக்குப் போனபோது நான்தான் அவளோடு இருந்தேன். அழுகையைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. பையிலிருந்த வெள்ளைக் குளிசையை எடுத்துக் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று கொடுத்தேன். ஐந்து நாள். மாலதியிடம் சொல்லவில்லை. வெள்ளவத்தைக்குப் போகிற நாளில் லக்ஷி காலிக்குப் போகிற பெருந்தெருவில் என் கையை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு நடந்தாள்.

விசேட வைத்தியர் இரத்தம் எடுக்கச் சொல்லி அறிக்கையைப் பார்த்தார். "கொஞ்சம் இரத்தம் குறைவா இருக்கு. பெரிசா ஒண்ணும் தெரியல. ரெண்டு கிழமையில மறுபடி கொண்டு வாங்க" என்றார். அவரில் பிழை இல்லை. அவர் பார்த்தது நான் குளிசையால் துடைத்து வைத்த இரத்தத்தை.

இரண்டு கிழமை போகவில்லை. எட்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் லக்ஷிக்கு மூக்கால் இரத்தம் வந்தது, நிற்கவில்லை. டீச்சர் அவளைத் த்ரீவீலில் கூட்டிக்கொண்டு வந்தார். குளிப்பாட்டும்போது பார்த்தால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் நீல நீலமாகக் கன்றியிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இருக்கிற ஆட்களையும் கட்டில்களையும் வைத்துக்கொண்டு பாடுபடுகிறார்கள்.

இரண்டாம் நாள் இடுப்பெலும்பில் ஊசி குத்தி என்புமச்சை எடுத்தார்கள். எலும்புக்கு உள்ளே இருக்கிற மெதுவான பகுதி அது. இரத்தம் அங்கேதான் உண்டாகிறது. மூன்றாம் நாள் டொக்டர் மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நாற்காலியில் இருக்கச் சொன்னார். இருக்கச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. டொக்டர்மார் நல்ல செய்தியை நின்றுகொண்டே சொல்லிவிடுவார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுவார்.

"பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய். லியூகேமியா எண்டு சொல்லுவினம். வெள்ளைக் கலங்கள் முழுசா வளராமல் அரைகுறையாப் பெருகி எலும்புக்குள்ள இடத்தை அடைச்சுப் போட்டுது. அதால சிவப்புக் கலமும் குறைவு, இரத்தத்தை உறைய வைக்கிற சிறுதட்டும் குறைவு. அதாலதான் வெளிறிப் போய் இருக்கிறா, மூக்கால இரத்தம் வந்தது."

நான்தான், "சுகமாகுமா மிஸ்?" என்றேன்.

"பெரும்பாலான பிள்ளையளுக்குச் சுகமாகும். ஆனா சரியான மருந்தைச் சரியான அளவில குடுக்கவேணும். எந்தப் பிள்ளைக்கு லேசான மருந்து போதும், எந்தப் பிள்ளைக்குக் கடுமையான மருந்து வேணும் எண்டு முதலே பிரிச்சுத்தான் தொடங்குவம். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேக்கிறன். முக்கியமா ஸ்டெரொய்ட் எண்டு ஒரு மருந்து. மூட்டு வலிக்கு, வீசிங்குக்கு எல்லாம் குடுப்பினம். அது ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லீங்க. பனடோல் மட்டுந்தாங்க."

அதுதான் நான்காவது தடவை. நான் தலையாட்டினேன்.

மாலதி ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் வார்டில் பக்கத்துக் கட்டில் தாயை ஒரு தாதி, "இவ்வளவு நாள் வீட்டில என்ன பண்ணீங்க? பிள்ளையா, பூச்சாடியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினார். அந்தத் தாய் மொனராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். பிள்ளையைக் கொண்டுவந்தவளை ஏசினால் கொண்டு வராதவள் திருந்தப் போகிறாளா? அதைப் பார்த்த பிறகு அந்த வார்டில் இருந்த ஒரு தாயும் வாய் திறக்கவில்லை. ஏசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை, ஒருத்தியை ஏசினால் பத்துப் பேர் பொய் சொல்லத் தொடங்குவார்கள் என்று.

நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அந்தச் சாட்டும் கிடையாது. என்னை ஒருவரும் ஏசவில்லை. தூக்கிக்கொண்டு போனவன் நான், கைராசி பேசியவன் நான், ஒளித்துக் கொடுத்தவன் நான். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி 'யார் கொடுத்தது' என்றுதான் வரும்.

வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். ஆண்கள் பார்வையாளர் நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே கொட்டகையில் இருக்கவேண்டும். காவலாளி, "மல்லி, எலியட்ட யன்ன" என்று வெளியே போகச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறார். ஆனால் இரத்தத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போக, அறிக்கையை வாங்கி வர, அதைப் போட்டோகொப்பி எடுக்க, இரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிற ஆம்பிளைதான் வேண்டும். உள்ளே இருந்து தாள் வரும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அங்க குடுங்க, அவங்களுக்கு விளங்கும்" என்பார்கள். அங்கே கொடுத்தால், "இதுல ஸீல் இல்லையே" என்பார்கள். ஸீல் உள்ளே இருக்கும். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. மூட்டை தூக்கியபோது கூட இவ்வளவு நடந்ததில்லை. மூட்டைக்காவது போய்ச் சேருகிற இடம் தெரியும்.

கொட்டகையில் பழக்கமானவர் நிசாம் நானா. புத்தளத்துக்காரர், உப்பு லொறி ஓட்டுகிறவர். அவருடைய ஒன்பது வயது மகன் ஐந்து மாதமாக வந்து போகிறான். கழுத்தில் கட்டி. ஆறாம் நாள் காலையில் இரண்டு பிளேன்டீயை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"ஒங்கட மருமகளுக்கு மருந்து எப்ப தொடங்குறாங்களாம்?"

"நாளைக்கின்னு சொன்னாங்க நானா. முதல் ஊசி."

"அப்ப ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கிட்டு ஈக்கிறீங்க?"

தெரியாத மனுஷரிடம் சொல்வது லேசாக இருந்தது. வெள்ளைக் குளிசையைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் இல்லை. டிஸ்பென்சரி டொக்டர் தந்ததை மட்டும்.

நிசாம் நானா கோப்பையைக் கீழே வைத்தார். "நான் மகன்ட கட்டிக்கு ரெண்டு மாசம் எண்ணெய் பூசினன். நாட்டு வைத்தியம். மொதல் நாளே டொக்டர்ட்ட சொன்னன். ஏசினாங்க. நல்லா ஏசினாங்க. ஏச்சு என்ன ஒடம்புல ஒட்டிக்கிட்டா ஈக்குது? கழுவிட்டுப் போயிட்டன்."

"மாலதி கோவிப்பா."

"கோவிச்சா கோவிக்கட்டும். நாளைக்கு ஊசி போட்ட பிறகு சொல்லி என்ன புண்ணியம்? டொக்டருக்கு நீங்க பொய் சொன்னா டொக்டருக்கு என்ன நட்டம்? அவர்ட புள்ளயா?"

டீயைக் குடிக்காமல் எழுந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். டொக்டர் மிஸ் நிச்சயம் அது என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்பார். வெள்ளைக் குளிசை என்று சொன்னால் என்ன பயன்? உலகத்தில் பாதிக் குளிசை வெள்ளைதான்.

டிஸ்பென்சரி அப்போதுதான் திறந்திருந்தது. நாலு பேர் இருந்தார்கள். இலக்கம் எடுக்காமல் உள்ளே போனேன்.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "வெளியில ஆக்கள் இருக்காங்க, தெரியலையா?"

"டொக்டர், ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு பொம்பளப் புள்ளயத் தூக்கிட்டு வந்தேன். கால்வலி. நீங்க வெள்ளைக் குளிசை தந்தீங்க. அதோட பேர் வேணும்."

"ஒரு நாளைக்கு அறுபது பிள்ளை பார்க்கிறேன். எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? விட்டமினா இருக்கும்."

"விட்டமின் குடுத்தா மூணு நாள்ல வலி போகாது."

"நீங்க என்ன, பொலிஸா? யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பலை. புள்ளைக்கு இரத்தத்துல கேன்சர். நாளைக்கு மருந்து தொடங்குறாங்க. நீங்க தந்தது என்னன்னு தெரியாம அவங்க கண்ணைக் கட்டிட்டு மருந்து குடுக்கப் போறாங்க."

அவர் கையிலிருந்த பேனையை வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இருந்தபோது வேறு ஆளாக இருந்தார். என்னை விட ஐந்தாறு வயது கூடியவராக இருக்கலாம்.

"கட்டி ஏதும் இருக்கல்ல. நான் வயித்தைத் தொட்டுப் பார்த்தேன்" என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. "ஒரு இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கணும்."

"ஏன் எழுதலை?"

"எழுதினா செய்வீங்களா? பரிசோதனை எழுதுற டொக்டர்கிட்ட யாரு திரும்பி வாறது? மூணு நாள்ல சுகமாகாட்டி அடுத்த டிஸ்பென்சரிக்குப் போறவங்கதானே நீங்க. எனக்கு முந்தி எத்தனை பேரைப் பார்த்தீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"ரெண்டு பேர்."

"எனக்குச் சொன்னீங்களா?"

இல்லை. அவரை அடிக்கவேண்டும் போலத்தான் போயிருந்தேன். சுகமாக்கிக் காட்டு என்று நாங்கள் அவரை நெருக்கினோம், அவர் காட்டிவிட்டார். பிழை அவரிலும் இருந்தது, எங்களிலும் இருந்தது. யாருடைய பங்கு கூட என்று யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் வந்தது.

அவர் தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்து எழுதினார். பிரெட்னிசொலோன், டொக்டர் மிஸ் கேட்ட அதே ஸ்டெரொய்ட். எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, முதல் தடவை எத்தனை நாள், இரண்டாம் தடவை எத்தனை நாள். கையெழுத்துப் போட்டு ஸீலும் குத்தினார். "அவங்க எனக்குக் கோல் எடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார். ஒளிந்துகொண்டிருக்கலாம். அவர் ஒளியவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் டொக்டர் மிஸ் வார்டு வாசலுக்கு வந்து தாளை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை பத்து நாளும் கொடுக்கவில்லை, நாலு நாளோடு நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டு ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை.

"நல்ல வேலை செய்தனீங்கள். ரெண்டாம் தடவை நாலு நாளோட நிப்பாட்டினதெண்டா அது கொஞ்சம் பழைய கதை. லேசான மருந்து போதுமோ எண்டு யோசிக்க இடம் இருக்கு. இவ்வளவுதானோ?"

"ஓம் மிஸ். இவ்வளவுதான்."

நான் திரும்பி நடந்தேன். கொட்டகையைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, கேற் வரைக்கும் போனேன். கேற்றில் வேர்க்கடலை வறுத்து விற்கிற கச்சான்காரர் ஒருவர் நிற்பார். அவரிடம் கச்சான் வாங்கினேன். வாங்கியதைத் திறக்கவில்லை. அந்தத் தாளில் இருப்பதை விட முக்கியமானது தாளில் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்குக் காலையில் அந்தத் தாளைப் பார்த்து லக்ஷிக்கு லேசான மருந்து போடுவார்கள். நான் கேற்றில் நின்று கச்சான் தின்றுகொண்டிருப்பேன்.

திரும்பிப் போனேன். காவலாளி, "ஆயெத்?" என்றார், மறுபடியுமா என்று. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

"மிஸ், இன்னும் இருக்கு. மிச்சக் குளிசைய நான் குடுத்தேன். ஒரு நாளைக்கு ரெண்டு, அஞ்சு நாள். வெள்ளவத்தைக்குப் போறதுக்கு முந்தி. இங்க வர்றதுக்கு ஒரு ஒம்பது நாளைக்கு முந்தி நிறுத்தினது. தங்கச்சிக்குத் தெரியாது."

டொக்டர் மிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "வெள்ளவத்தையில எடுத்த இரத்தம் அதுக்குப் பிறகுதானே?"

"ஓம்."

"அப்ப அந்த ரிப்போர்ட்டை நான் நம்ப ஏலாது. தங்கச்சியைக் கூப்பிடுங்கோ."

மாலதி வந்தாள். டொக்டர் மிஸ் யார் கொடுத்தது என்று சொல்லாமல்தான் தொடங்கினார். இந்த நோய்க்கு நாங்கள் முதலில் கொடுக்கிற மருந்தே ஸ்டெரொய்ட்தான். ஆனால் மற்ற மருந்துகளோடு சேர்த்து, அளந்து கொடுப்போம் என்றார். தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பலவீனமான கலங்கள் செத்துப்போகும், முரட்டுக் கலங்கள் தங்கிவிடும். நோயின் உண்மையான அளவும் மறைந்துவிடும். அதனால் லக்ஷியை லேசான பிரிவில் வைக்க முடியாது. கடுமையான பிரிவில்தான் தொடங்கவேண்டும். கூடின மருந்து, கூடின நாட்கள், முதுகெலும்பு வழியாகப் போடுகிற ஊசியும் கூடும்.

"யாரு குடுத்தது?" என்றாள் மாலதி. டொக்டர் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நான்தான்."

"எம் புள்ளைக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒப்பம் போடவேண்டிய தாளில் ஒப்பம் போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை என்னோடு பேசவில்லை. நான் கொண்டு போகிற சோற்றுப் பார்சலை வாசலில் பக்கத்துக் கட்டில் தாய்தான் வந்து வாங்குவாள். "ரெண்டு பைன்ட் இரத்தம் வேணுமாம்", "புது உடுப்பு வேணுமாம்" என்று எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் வந்தது. நான் புறக்கோட்டையில் பழைய ஆட்களைத் தேடிப் போய் இரத்தம் கொடுக்கக் கூட்டி வந்தேன். "நீ வந்ததும் பணம் கேக்கப் போறன்னு நினைச்சேன், இரத்தந்தானா?" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

லக்ஷியின் முடி இரண்டாம் கிழமை கொட்டியது. வாய்க்குள் புண். மூன்றாம் கிழமை காய்ச்சல். வெள்ளைக் கலங்களே இல்லாத உடம்புக்குக் காய்ச்சல் என்றால் விளையாட்டில்லை. தனி அறையில் போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை கிருமி மருந்து ஏற்றினார்கள். அந்த நாலு நாளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க மட்டும்தான் விட்டார்கள். அவள் உள்ளேயிருந்து எனக்கு நாக்கை நீட்டிப் புண்ணைக் காட்டினாள். நான் என் நாக்கைக் காட்டினேன். மாலதி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

அந்த நாட்களில் எத்தனையோ தடவை பை கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. போவது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை. லேசான மருந்து என்றால் இந்தப் புண் வந்திருக்காது, இந்தக் காய்ச்சல் வந்திருக்காது என்று அவள் நினைப்பாள். நானும் அப்படி நினைத்தேன். ரவி கட்டாரிலிருந்து கோல் எடுத்து, "மச்சான், நீங்க போயிட்டா அவளுக்கு வெளியில யாரு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். ஏசுவதற்கு எல்லா உரிமையும் இருந்த ஆள் அவன்தான்.

முதல் கட்டம் முடிந்து மறுபடியும் என்புமச்சை எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள். மூன்றாம் நாள் டொக்டர் மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்தத் தடவை நின்றுகொண்டே சொன்னார்.

"நுணுக்குக்காட்டியில பார்த்தா கெட்ட கலம் இல்லை. மருந்து வேலை செய்திருக்கு. இது முதல் படிதான், இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கு. ஆனா நல்ல தொடக்கம்."

மாலதி, "மிஸ், லேசான மருந்துல போட்டிருந்தா என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டாள். ஐந்து கிழமையாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இண்டைக்கு இதே மாதிரி நல்லாத்தான் இருந்திருக்கும். காய்ச்சலும் வந்திருக்காது, புண்ணும் வந்திருக்காது. ஆறு மாசத்திலயோ ஒரு வருசத்திலயோ நோய் திரும்பி வந்திருக்கலாம். திரும்பி வந்தால் மருந்து லேசில கேக்காது. வந்திருக்குமோ இல்லையோ, என்னால சொல்ல ஏலாது."

மாலதி லக்ஷியிடம் போய்விட்டாள்.

அடுத்த கட்டத்துக்கு முன் பத்து நாள் வீட்டுக்கு விட்டார்கள். வீட்டில் கொடுக்கவேண்டிய குளிசைகளை மருந்தாளர் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. ஒரு கொப்பியும் தந்தார். எந்த நாள், எத்தனை மணி, என்ன மருந்து, எத்தனை என்று கொடுக்கக் கொடுக்க எழுதி வந்து கிளினிக்கில் காட்டவேண்டும்.

"வீட்டில யாரு மருந்து குடுக்கிறது? ஒரு ஆள்தான் குடுக்கணும்" என்றார்.

"நான்தான் மிஸ்" என்றாள் மாலதி. என் பக்கம் கையை நீட்டிக் காட்டினாள். "இவரு குளிசையத் தொடவே கூடாது."

"சரி. கொப்பி?"

மாலதி கொப்பியை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் நெஞ்சில் தட்டுகிற மாதிரிக் கொடுத்தாள்.

"எழுதுறது இவரு."

ஐந்து கிழமைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையும் அன்றைக்குத்தான் வந்தது. பஸ் நிறுத்தத்தில், "பேர முழுசா எழுதணும், வெள்ளைக் குளிசைன்னு எழுதினீங்கன்னா கொன்னுருவேன்" என்றாள். தலையில் துணி கட்டியிருந்த லக்ஷி முகக் கவசத்துக்குள்ளிருந்து, "மாமாவுக்கு எழுத்து கோணல்மா" என்றாள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு மாலதி முதல் குளிசையை எடுத்துப் பெட்டியை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். நான் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவள் பிள்ளையின் வாயில் மருந்தைப் போடவில்லை.